ஆகாயமும் ஈதரும்

இந்துக் கல்லூரிகளின் விழா மலர்களை வாசித்துப் பழகியோர் ஒரு கருத்தினைப் பலகாலும் எதிர்ப்பட்டிருப்பர். மேனாட்டு விஞ்ஞானிகள் ஈதர் என்று கூறியதையே நம் முன்னோர் ஆகாயம் என்றனர் என்பதும், சடப்பொருள்கள் யாவும் அந்த ஆகாயத்தில் எழுந்த நுண்ணிய சுழிகளே என்பதும், ஆகவே நமது தத்துவ நூல்களை மேனாட்டுப் பௌதிகம் மெய்ப்பித்துவிட்டது என்பதும் அக்கருத்தின் சாரமாகும். எழுதியோர் கற்றோர், தம் மரபின்மீது பற்றுடையோர். ஆயினும் அவர்கள் துணைக்கழைத்த ஈதர் பௌதிக நூல்களினின்று வெளியேறி நெடுங்காலமாயிற்று. இறந்துபோன சாட்சியை நம்பி வழக்காடப் புகுந்தோரின் நிலை யாதோ, அதுவே இவர்களின் நிலையுமாகும். இச்சமன்பாட்டை நம் கல்லூரி கைவிடுதல் வேண்டும் என்பது எனது துணிபு. ஈதரிற் சுழலும் அணுக்கள் என்னும் அப்பழைய கொள்கையை மட்டும் கைவிடாது, உயர்தர வகுப்பு மாணவருக்கு முறையாகக் கற்பித்தல் வேண்டும் என்பதும் எனது துணிபே. இவ்விரண்டும் எங்ஙனம் பொருந்தும் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை எழுந்தது.

சுழி யாதென இவ்வூரார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. மாரியிற் களப்பின் வாய் வெட்டப்பட்டு வெள்ளம் கடலொடு பொருதுமிடத்துச் சுழி தோன்றுவதைத் திருக்கோவில், தம்பிலுவில் மக்கள் பிள்ளைப் பிராயம் முதலே அறிவர். 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23ஆம் நாள் இரவு கிழக்குக் கரையைத் தாக்கிய சூறாவளியை அனுபவித்த பழைய மாணவரும் நம்மிடையே உளர். அதுவும் ஒரு சுழியே. வங்கக் கடலிற் பிறந்து, தன் உருவம் குலையாமல் கரையேறித் தீவைக் குறுக்கறுத்துச் சென்றது. ஆனால் அத்தகைய சுழி சாகும். நிலத்தின் உராய்வினால் தேய்ந்து, உள்ளே புகும் காற்றின் வெம்மையும் ஈரமும் குன்றியதும் அடங்கும். உராய்வே இல்லாத ஒரு பாய்பொருளிற் சுழி எழுந்தால் அதன் கதி யாதாகும்?

இவ்வினாவுக்குக் கணித முறையில் விடை கண்டவர் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ற்ஸ். 1858ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, உராய்வற்ற பாய்பொருளில் உள்ள சுழி ஒருபோதும் அழியாது; புதிதாகத் தோன்றவும் மாட்டாது. அது தொடக்கமும் முடிவுமற்ற வளையமாக மூடியிருக்கும், அன்றேல் பாய்பொருளின் எல்லையிற் சென்று முடியும். சுழியில் அகப்பட்ட துகள்கள் என்றும் அச்சுழிக்கே உரியனவாய் அதனுடனேயே செல்லும்.

ஸ்கொத்லாந்தில் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த பீற்றர் தேற் இதனை ஆங்கிலத்திற் பெயர்த்ததோடு அமையாது, 1867ஆம் ஆண்டின் தொடக்கத்திற் செய்தும் காட்டினார். ஒரு பெட்டியின் ஒரு பக்கத்தில் வட்டமான துளை. எதிர்ப்பக்கத்தில் இறுக்கிக் கட்டிய துணி. உள்ளே கறியுப்பு, சல்பூரிக்கமிலம், அமோனியா ஆகியவற்றாற் பிறந்த வெண்புகை. துணியிற் கையாற் தட்டியதும் துளையினின்று புகைவளையம் ஒன்று வெளிப்பட்டு அறையின் குறுக்கே மிதந்து சென்றது. இரு வளையங்கள் அணுகியபோது அவை ஒன்றில் ஒன்று கரையவில்லை. மீள்சக்தியுள்ள இறப்பர் வளையங்கள் போல் அதிர்ந்து விலகின. பார்த்துக்கொண்டிருந்தவர் வில்லியம் தொம்சன். பின்னாளிற் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்றவர். சில வாரங்களுள், 1867 பெப்ரவரி 18ஆம் நாள், எடின்பரோ இராயல் கழகத்தில் அவர் தமது கொள்கையை வாசித்தார். அண்டம் எங்கும் உராய்வற்ற ஈதர் என்னும் பாய்பொருள் நிறைந்துள்ளது. நாம் அணு என்பது அதில் நிலைபெற்ற சுழிவளையமே. சடம் என்று தனியே ஒன்றில்லை, உள்ளது அசைவு மட்டுமே என்றார். (வைத்தியர்கள் ஒரு காலத்தில் நோயாளரை மயக்கப் பயன்படுத்திய ஈதர் வேறு, அதனை இதனோடு மயங்கற்க.)

இக்கொள்கையின் அழகை இன்று உணர்வது கடினம். ஐதரசன் அணு பூமியில் உள்ளதும் ஞாயிற்றில் உள்ளதும் ஒரே தன்மையாயிருப்பது ஏன்? அணு தேய்வதில்லையே, ஏன்? கடினமான சிறு குண்டுமணிகளை அணுவாகக் கொண்டோர் இதற்கு விடை கூறாமல், அஃது அவ்வாறே படைக்கப்பட்டது என்று விட்டுவிட்டனர். தொம்சன் அழியாமையைக் கணிதத்தினின்றே பெற்றார். மூலகங்கள் பல்வேறாயிருப்பதற்கும் அவரிடம் விடை இருந்தது. வளையம் வெறும் வளையமாக இருக்கலாம். முடிச்சிட்டுக்கொண்ட வளையமாக இருக்கலாம். ஒன்றினுள் ஒன்று கோத்த இரு வளையங்களாகவும் இருக்கலாம். ஒருவகை முடிச்சு இன்னொரு வகையாக மாறமாட்டாது. சோடியத்தின் நிறமாலையில் அடுத்தடுத்து இரு மஞ்சட் கோடுகள் தோன்றுவதற்குக் கோத்த இரு வளையங்களின் அதிர்வே காரணமாகலாம் என்று அவர் கருதினார்.

நம் முற்றங்களிற் புள்ளிகளைச் சுற்றி வளைத்து, தொடங்கிய இடத்திலேயே வந்து மூடும் கோலத்தை நினைத்துக்கொள்க. கோடு தன்னைத் தானே கடக்கும் இடங்களை எண்ணலாம். தேற் அவ்வாறு எண்ணத் தொடங்கினார். எத்தனை முடிச்சுக்கள் உளவோ அத்தனை மூலகங்கள் உளவாதல் வேண்டும் என்பது அவரது எதிர்பார்ப்பு. ஏழு கடவைகள் வரை ஆராய்ந்தபோது, கண்ணாடியிற் தோன்றும் எதிருருவங்களை வேறாக எண்ணாவிடின், முடிச்சுக்கள் 14 என்று கண்டார். வேறு இருவரின் துணையோடு பத்துக் கடவைகள் வரை இவ்வாராய்ச்சி சென்றது. எஞ்சினியரும் வணிகரும் மதித்த ஒரு பௌதிக ஆசிரியர் ஆண்டுக்கணக்காக முடிச்சுக்களை எண்ணிக்கொண்டிருந்தார் என்பது நகைப்புக்குரியதாகச் சிலருக்குத் தோன்றக்கூடும். எனக்கு அங்ஙனம் தோன்றவில்லை.

இங்கு நமக்கு நெருங்கிய செய்தி ஒன்றுண்டு. சுழியணுக் கொள்கையை விஞ்ஞானிகள் விட்டகலத் தொடங்கிய காலத்திலேதான் அது நம்மவரை வந்தடைந்தது. 1896ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் நாள் நியூயோர்க்கிலிருந்து சுவாமி விவேகானந்தர் தமது ஆங்கில அன்பர் ஸ்ரேடிக்கு ஒரு கடிதம் எழுதினார். மின்னியலிற் பெயர்பெற்ற நிக்கொலா டெஸ்லா, வேதாந்தம் கூறும் பிராணன், ஆகாயம், கற்பம் ஆகிய கருத்துக்களைக் கேட்டு மகிழ்ந்தார் என்றும், சடமும் சக்தியும் நிலையாற்றலாக ஒடுங்கத்தக்கன என்பதைக் கணித முறையில் நிறுவிக் காட்டலாம் என அவர் எண்ணுகிறார் என்றும், அடுத்த வாரம் தாம் அந்நிறுவலைக் காணச் செல்லவிருப்பதாகவும் அதில் உரைத்தார். அது நிறைவேறின் வேதாந்தத்தின் சிருட்டிக் கொள்கை உறுதியான அத்திவாரத்தில் நிலைபெறும் என்பது சுவாமியின் நம்பிக்கை. டெஸ்லா அந்த நிறுவலை எக்காலத்தும் வெளியிடவில்லை. பிற்காலத்தில் எழுதிய கட்டுரை ஒன்றில் ஆகாயம், பிராணன் என்ற சொற்களை அவர் எடுத்தாண்டு, ஆதிப்பொருள் அளவிறந்த வேகத்தோடு நுண்சுழிகளாகச் சுழலும்போது சடமாகிறது, சுழற்சி அடங்கின் சடம் மறைகிறது என்றார். அது நயமான உரை. அதிற் சமன்பாடு ஒன்றுமில்லை.

விவேகானந்த சுவாமிகள்பால் இதிற் குறையொன்றும் காண்கிலேன். அவர் நிறுவலைக் கேட்டார். காணச் செல்ல விரும்பினார். அவருக்குப் பின்வந்தோரே நிறுவல் கிடைத்துவிட்டதாக எழுதினர்.

சுவாமிகள் 1897 ஜனவரியிற் கொழும்பில் வந்திறங்கி, கண்டி, அனுராதபுரம் வழியாக யாழ்ப்பாணஞ் சென்று அங்கே இந்துக் கல்லூரியிற் பேசியதை நாமெல்லாம் அறிவோம். அதே 1897ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தொம்சன், அணுவினும் நுண்ணியதொரு துணிக்கையைக் கண்டறிந்ததாக அறிவித்தார். இன்று நாம் இலத்திரன் என்பது அதுவே. சுழிவளையங்களின் அசைவைப்பற்றி ஆழ்ந்த நூல் ஒன்று எழுதி 1882ஆம் ஆண்டின் அடம்ஸ் பரிசைப் பெற்றவரும் இந்த ஜே. ஜே. தொம்சனே. கொள்கையை வளர்த்த கையினின்றே அதன் முடிவும் வந்தது.

முடிவு ஒரே நாளில் வரவில்லை. கெல்வின் இருபதாண்டுக்கு மேல் உழைத்தும், முடிச்சிட்ட சுழி குலையாது நிலைக்கும் என்பதை நிறுவ அவரால் இயலவில்லை. ஒரு மூலகத்தின் ஒரு நிறமாலைக் கோட்டையேனும் கணித்துப் பெற முடியவில்லை. புவியீர்ப்புக்கு இடமே இல்லை. ஒளி குறுக்கலையாதலின் அதனைத் தாங்க விறைப்புள்ள பொருள் வேண்டும், பாய்பொருளுக்கு விறைப்பேது? 1887ஆம் ஆண்டு கெல்வின், ஈதர் முழுவதும் சுழிகள் செறிந்த கடற்பஞ்சு போன்றதாயின் அதற்கு ஒருவகை விறைப்பு வரலாம் என்று முயன்று பார்த்தார். அதே ஆண்டில் அமெரிக்காவிற் கிளீவ்லாந்து நகரத்தில் மைக்கல்சனும் மோளியும், செக்கனுக்கு 30 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் பூமி ஈதரை ஊடறுக்கும்போது ஒளியின் வேகத்தில் விளையவேண்டிய வேறுபாட்டை அளக்கப் புகுந்தனர். எதிர்பார்த்த அளவில் இருபதில் ஒரு பங்கும் தென்படவில்லை. 1905ஆம் ஆண்டு ஐன்ஸ்ரைன் ஈதரை மறுக்க முயலவுமில்லை; அது தமக்குத் தேவையில்லை என்று ஒரு வசனத்தில் ஒதுக்கிவிட்டு மேலே சென்றார்.

இவை யாவற்றினும் எளிய தடை ஒன்றுண்டு. மாணவர் அதனையே முதலிற் கற்றல் நன்று. சுழிவளையத்துக்குச் சக்தியை ஊட்டினால் அது பருக்கும். பருத்த வளையம் மெதுவாகச் செல்லும். அணுக்களோ வெப்பம் ஏற ஏற விரைந்தோடுவன. வளையமே அணுவாயின், அடுப்பில் வைத்த வாயுவின் அணுக்கள் தளர்நடை போடவேண்டும்!

மேனாட்டாரும் இதே ஆசையில் அகப்பட்டவர்களே. தேற்றும் அவர் நண்பர் பல்பர் ஸ்ரூவேட்டும் 1875ஆம் ஆண்டு 'காணா உலகம்' என்னும் பொருள்பட நூலொன்றைப் பெயர் குறியாது வெளியிட்டனர். சுழியணுவையும் ஈதரையும் ஆதாரமாகக் கொண்டு, மரணத்தின் பின் ஆன்மா நிலைபெறும் என்னும் கிறித்தவக் கோட்பாட்டுக்கு இடமுண்டு என வாதிப்பது அந்நூல். பலமுறை பதிப்பிக்கப்பட்டது. ஈதர் போனதும் அவ்வாதமும் போயிற்று. ஆன்மா அழிவற்றது என்று நம்பும் கிறித்தவர் இன்று ஒருவரேனும் அதனை எடுத்தாள்வதாகத் தெரியவில்லை.

இனி நமது ஆகாயத்தைப் பார்ப்போம். அது ஈதர்தானா? சித்தாந்த நூலார் ஆகாயத்துக்குக் கூறும் குணம் ஓசை; தொழில் இடங்கொடுத்தல். மேனாட்டார் ஈதரைக் கற்பித்ததோ ஒளியைச் சுமத்தற்பொருட்டு. ஓசை வளியிற் செல்வது என்பதை அவர்கள் முன்னரே அறிந்திருந்தனர். ஓசைக்காக ஈதரை எவரும் நாடவில்லை. முதலடியிலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. மேலும், ஈதர் யாவற்றுக்கும் மூலமான ஆதிப்பொருள். ஆகாயமோ மாயையினின்று படிமுறையாகத் தோன்றும் தத்துவங்களுள் மிகப் பிந்தித் தோன்றுவனவற்றுள் ஒன்று. ஓசைத் தன்மாத்திரையின் காரியம். வைசேடிகரைக் கேட்பின் நிலைமை இன்னும் மோசமாகும். அவர் மதத்தில் நிலம், நீர், தீ, வளி என்னும் நான்குக்கே அணுக்கள் உண்டு. ஆகாயம் ஒன்று; கூறுபடாதது; எங்கும் நிறைந்தது. எங்கும் நிறைந்த பொருள் பெயர்ந்து செல்ல வேறிடமின்மையால் அதற்கு அசைவில்லை என்பது அவர்தம் துணிபு. அசைவில்லாததிற் சுழி எங்ஙனம் எழும்? ஆகாயத்தை ஈதராக்கியோர் விஞ்ஞானத்துக்குச் செய்த தீங்கு சிறிதே. தம் நூல்களை ஊன்றிக் கற்க வேண்டிய கடமையினின்று தம்மைத் தாமே விடுவித்துக்கொண்டனர் என்பதே பெருங்குறை. ஒப்பிட்டே தீர்வேன் என்பார்க்கு ஓரிடம் உண்டு. உராய்வற்ற பாய்பொருளிற் சுழி தானே எழமாட்டாது ஆதலின், அதனைத் தோற்றுவிக்கப் படைப்பாற்றல் ஒன்று வேண்டும் என்றார் கெல்வின். மண்ணும் திரிகையும் இருந்தும் குயவன் இன்றிக் குடமில்லை என்னும் நமது நிமித்த காரண வாதத்தை இதனோடு வைத்து எண்ணிப் பார்க்கலாம். எண்ணிப் பார்க்கலாம், சான்றாக்கலாகாது.

இவ்விடத்தில் நம் கரையிற் பிறந்த ஒருவரை நினையாதிருத்தல் இயலாது. தம்பிலுவிலுக்கு வடக்கே காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த மயில்வாகனனார், கொழும்பிற் தொழினுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்று, மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதராகி, இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் பெற்று, இராமகிருஷ்ண சங்கத்திற் துறவு பூண்டு விபுலானந்த அடிகளாயினார். விஞ்ஞானம் கற்ற துறவி, விவேகானந்தர் மரபினர். ஆகாயத்தையும் ஈதரையும் ஒன்றாக்குவதற்கு இவரினும் தகுதியுடையார் யார்? அவர் செய்ததோ வேறு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை எடுத்தார். இவ்வூர் கண்ணகையம்மனாக வழிபடும் பத்தினியின் காப்பியத்தை. அதிலே மறைந்துகிடந்த யாழ் யாது, அதன் நரம்புகள் எத்தனை, ஒவ்வொன்றின் சுருதியும் மற்றொன்றுக்கு என்ன விகிதம் என்று பல்லாண்டு கணக்கிட்டார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக 1947ஆம் ஆண்டு வந்த யாழ் நூலைத் திறந்தோர் அங்கே இலக்கியத்தோடு எண்களும் பின்னங்களும் நிறைந்திருத்தலைக் காண்பர். நரம்பின் நீளமும் அதிர்வும் பற்றிய பௌதிகம் தமிழிசைக்கு அளவுகோலாயிற்று. ஓசையை ஆகாயத்தின் குணம் என்று போற்றிய மரபிலே வந்தவர், அவ்வோசையை அளந்தார். அவருடைய கணக்கில் ஐயமுடையோர் அதனை மீட்டுக் கணித்துப் பார்க்கலாம், மறுக்கவும் செய்யலாம். அவ்வாறு மறுக்கத்தக்கதாகத் தம் கருத்தை எடுத்துரைத்தமையே அவருடைய பெருமை என்பேன்.

இனிப் பழைய கொள்கையை ஏன் கற்பிக்க வேண்டும் என்று கேட்பார்க்கு, அது விட்டுச்சென்ற செல்வத்தைக் காட்டுவேன். தேற் எண்ணிய முடிச்சுக்கள் மூலகங்களாகவில்லை. ஆனால் முடிச்சுக் கணிதம் என்னும் துறை அவற்றினின்று வளர்ந்தது. நியூசீலாந்தரான வோன் ஜோன்ஸ் 1984ஆம் ஆண்டு முடிச்சுக்களை வேறுபடுத்தி அறியப் புதியதோர் வழி கண்டு, 1990ஆம் ஆண்டு பீல்ட்ஸ் பதக்கம் பெற்றார். உயிரணுக்களிலே மரபுப் பொருளாகிய டி.என்.ஏ. நூல் சிக்கிக்கொள்ளும்போது, அதனை வெட்டிப் பிரித்து மீளப் பொருத்தும் நொதியங்கள் உள. அவற்றின் தொழிலை ஆராய்வோர்க்கும் அக்கணிதம் உதவுகிறது. 2013ஆம் ஆண்டு சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் கிளெக்னரும் இர்வினும் நீரிலே முடிச்சிட்ட சுழியை உண்மையாகவே ஆக்கிக் காட்டினர். கெல்வின் மனத்தால் மட்டும் கண்டதை அவர்கள் கண்ணாற் கண்டனர். அச்சுழி நிலைக்கவில்லை, தன்னைத் தானே வெட்டிப் பொருத்தி முடிச்சவிழ்ந்து வெறும் வளையங்களாயிற்று. நீருக்கு உராய்வு உண்டன்றோ!

உராய்வற்ற பாய்பொருளும் பின்னர் அகப்பட்டது. ஏறக்குறைய பூச்சியத்துக்குக் கீழ் 271 பாகை சதமளவிற்குக் குளிர்வித்த திரவ ஈலியம் உராய்வின்றிப் பாயும். அதிலெழும் சுழிகளின் வலிமை முழுவெண் மடங்குகளாகவே அமையும் என்று 1949ஆம் ஆண்டு ஒன்சாகரும் 1955ஆம் ஆண்டு பைன்மனும் கூறினர். பரிசோதனைகள் அதனை உறுதிசெய்தன. ஈதரில் இல்லாத சுழியணு, ஈலியத்திற் சுழியாகவே இருந்தது.

இன்றைய மலர்களில் ஈதர் என்னும் சொல் அருகிவிட்டது. அதன் ஆசனத்திற் குவாண்டம் புலம், வெற்றிடம், ஹிக்ஸ் என்பன அமர்ந்துள்ளன. சமன்பாடு மட்டும் மாறவில்லை. 2004ஆம் ஆண்டு இந்திய அரசு ஜெனீவாவிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்துக்கு நடராசர் திருவுருவம் ஒன்றை அன்பளிப்புச் செய்தது. இந்தியாவுக்கும் அவ்வாய்வுகூடத்துக்கும் உள்ள நட்புக்கும் ஒரு கலைச்செல்வத்தின் பெருமைக்கும் அறிகுறியாக அங்கு நிற்பதைக் கண்டு மகிழாத சைவர் இரார். அதனைக் காட்டி, 2012ஆம் ஆண்டு அங்கே அறிவிக்கப்பட்ட ஹிக்ஸ் துணிக்கை நமது ஆகமத்தில் உள்ளது என்று எழுதுவோர்க்கு, ஈதரை நம்பி எழுதியோரின் பழைய மலர்களை நூலகத்தினின்று எடுத்துக் கொடுக்குமாறு நூலகரை வேண்டுவேன்.

கல்லூரி அதிபருக்கும் பௌதிக ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நிறைவு விழாக் கண்காட்சியில் தேற்றின் பெட்டிக்கு ஓரிடம் தருக. அமிலமும் அமோனியாவும் வேண்டா. பிஸ்கற் தகரப் பேணி ஒன்றின் அடியில் உள்ளங்கையளவு வட்டத்துளை வெட்டி, வாயில் இறப்பர்த் தாளை இறுக்கிக் கட்டி, உள்ளே சாம்பிராணிப் புகையை நிரப்பினாற் போதும். விரலாற் சுண்டினால் வளையம் புறப்படும். பத்தடிக்கு அப்பால் உள்ள மெழுகுதிரியின் சுடர் அசையும். ஒரே அச்சில் இரு வளையங்களை அடுத்தடுத்து விட்டால், பின்னது சுருங்கி விரைந்து முன்னதனுள்ளே நுழைந்து செல்வதையும் காணலாம். பொறுமை வேண்டும், பலமுறை தவறும். பெரிய துளையும் சிறிய துளையும் உள்ள இரு பேணிகள் செய்து, எவ்வளையம் விரைவாகச் செல்கிறது என்பதை நிறுத்தற் கடிகாரங்கொண்டு மாணவர் அளக்கட்டும். அளந்தபின், 1964ஆம் ஆண்டு ரேபீல்டும் றைவ்வும் திரவ ஈலியத்திற் சுழிவளையங்களை மின்விசையால் இழுத்து, சக்தி கூடக்கூட அவற்றின் வேகம் குறைவதை அளந்து வெளியிட்ட செய்தியை ஆசிரியர் சொல்லட்டும்.